ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று எண்ணுங்கள்

(கொடைக்கானலில் செவிலியர் மாணவியர், கிராம சுகாதாரப் பணியாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



செவிலியர் படிப்பில் முதலில் கற்றுத் தருவது காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்ப்பது. சின்ன வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று இதை நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நோயாளியை வைத்துக்கொள்வதா, கீழே அனுப்புவதா, டாக்டரை இப்போதே எழுப்புவதா என்ற முடிவெல்லாம் இந்த அளவுகளின் மேல்தான் நிற்கிறது. இந்த வேலைக்குள் சாதி நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தீண்டாமை குற்றம் என்று நமக்குத் தெரியும். சிகிச்சை அறையில் அது தவறான மருத்துவ முடிவாகவும் மாறுகிறது என்பது என் வாதம்.

மூச்சிலிருந்து தொடங்குகிறேன். இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. மூச்சு இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று கருத வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60 வந்தால் மறுபடி எண்ணிப் பார்த்து, உடனே மேல்சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. குழந்தை அழாத நேரத்தில் சட்டையைத் தூக்கி, நெஞ்சைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கி திண்டுக்கல், தேனி, மதுரை என்று போக வேண்டும். வெள்ளகவி மக்கள் வண்டிப்பாதை இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறக்கியே தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். சமவெளியில் ஒரு மணி நேரம் தாமதமாக எடுத்த முடிவைச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கலாம். மலையில் அந்த வாய்ப்பு குறைவு. எனவே இங்கே அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு இன்னும் அதிகம்.

என் ஆய்வுக்காக மலைக் கிராமங்களின் சுகாதார நிலையங்களில் பல நாட்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஓரிடத்தில் பளியர் குடும்பங்கள் வரும்போது மூச்சு எண்ணப்படவே இல்லை. நோட்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதப்பட்டது. கூட்டம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். கூட்டம் உண்மைதான். ஆனால் எஸ்டேட் மேலாளர் வீட்டுப் பிள்ளை வந்தபோது அதே கூட்டத்தில் எண்ணுவதற்கு நேரம் கிடைத்தது.

அடுத்து, தொடுதல். ரத்தசோகை தெரிய கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் தெரிய நகத்தை அழுத்தி விட்டு, சிவப்பு திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிரசவமான தாயின் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றில் கை வைத்தால்தான் தெரியும். ரத்தப்போக்கில் பி.பி. விழுவதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும். கையைப் பிடிக்காதவருக்கு அந்த முன்னறிவிப்பு கிடைக்காது.

ரத்தம், உடல் திரவம் படும் இடத்தில் எல்லா நோயாளிக்கும் கையுறை போட வேண்டும். நாடி பார்க்க ஒருவருக்கு வெறுங்கை, இன்னொருவருக்குக் கையுறை என்றால் அது நோய்த்தடுப்பு ஆகாது, அதன் பெயர் தீண்டாமை. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் கன்ஷியாம் ஷாவும் மற்றவர்களும் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்ததைப் பதிவு செய்தது. ஒவ்வொரு செவிலியர் நாளிலும் நைட்டிங்கேலின் விளக்கை நினைக்கிறோம். பிளேக் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் பராமரித்து, அதே நோயால் 1897 மார்ச் 10 அன்று இறந்த சாவித்ரிபாய் புலேவையும் அந்த மேடையில் வைக்க வேண்டும்.

பாடப்புத்தகம் சொல்லும் உடலும் நம் உடல் இல்லை. தோல் நீலமாகும், வெளிறும் என்று படிக்கிறோம். கறுத்த தோலில் உதடு, நாக்கு, உள்ளங்கை, இமையின் உட்புறம் பார்த்தால்தான் அது தெரியும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் தவறலாம். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி நல்ல அளவு காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கருவி 95 காட்டினாலும் நோயாளி மூச்சு வாங்கினால் நோயாளியை நம்புங்கள்.

மூன்றாவது, கேட்பது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே எழுதினார். நம் நாட்டில் வேலையைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ளும் தந்திரமாகவும் இருக்கிறது. சிகிச்சைக்காகக் கேட்கும்போது கேள்வி வேறு: எங்கே, எத்தனை வருடம், எந்தப் பொருளோடு?

இதற்கு இந்த ஊரைவிட நல்ல சாட்சி இல்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, 2001இல் மூடப்படும் வரை உலகத்தின் காய்ச்சலை அளக்கும் கருவியைச் செய்தது. செய்தவர்களின் உடலில் பாதரசம் என்ன செய்தது என்று கேட்டு அவர்கள் 15 ஆண்டுகள் போராடினார்கள். 2016இல் இந்துஸ்தான் யூனிலீவர் 591 தொழிலாளர்களோடு உடன்பாடு செய்தது. அதை மனிதாபிமான உதவி என்றுதான் சொன்னது, பாதிப்பை ஒப்புக்கொள்ளவில்லை. பாதரச நஞ்சு கை நடுக்கத்தைத் தரும், ஈறு வீங்கச் செய்யும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுங்கி ஒரு கூலித் தொழிலாளி வந்தால் "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று முடிவு கட்டுவது எளிது. தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வியர்த்து, எச்சில் வடிய வருபவருக்கும் இதே முத்திரைதான். வேலையைக் கேட்டிருந்தால் அவரது கண்மணி சுருங்கியிருப்பதையும் பார்த்திருப்போம்.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் படிநிலை. டாக்டர், செவிலியர், உதவியாளர், தூய்மைப் பணியாளர் என்ற வரிசை அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையை ஒத்தது. படுக்கை விரிப்பில் ரத்தம் ஊறியிருப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் தூய்மைப் பணியாளர். அவர் சொல்லைச் செவிலியர் மதிக்கவில்லை என்றால், செவிலியர் சொல்லை டாக்டர் மதிக்கவில்லை என்றால், ஆபத்து கீழேயே தங்கிவிடும். 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட அரசு செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017இல் சென்னையில் போராடினார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று பயப்படுபவர் நள்ளிரவில் "டாக்டர், நீங்கள் இப்போதே வர வேண்டும்" என்று எப்படி அழுத்திச் சொல்வார்? பணிப் பாதுகாப்பு இல்லாமல் நோயாளிப் பாதுகாப்பு இல்லை.

எனவே மூன்று வேண்டுகோள். எண்ணாத அளவை எழுதாதீர்கள், நேரம் இல்லை என்றால் "எடுக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பு ஆள் பற்றாக்குறைக்கு ஆதாரமாகும். தூய்மைப் பணியாளர் உட்பட யார் ஆபத்தைச் சொன்னாலும் போய்ப் பாருங்கள். பளியர், புலையர், அருந்ததியர் குடியிருப்புகளின் பெண்கள் செவிலியர் படிப்புக்கு வர அரசு வழி செய்ய வேண்டும் என்று உங்கள் சங்கங்களில் தீர்மானம் போடுங்கள். தன் ஊர்க் குழந்தையின் மூச்சை எண்ண அந்த ஊர்ப் பெண்ணுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியது ஒரு நிமிடப் பாடம்தான். அவள் அந்த வகுப்பறைக்குள் வருவதற்குத்தான் நாம் இன்னும் போராட வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்.