குடியேற்ற நாடு வல்லரசான கதை

அயலார் ஆட்சியை உதறிவிட்டு விடுதலை பெற்ற நாடு, பின்னொரு காலத்தில் தானே அயலாரை ஆளப் புறப்படுவதுண்டா? உண்டு என்கிறது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இன்று காண்போம்.

அட்லாண்டிக் கடலோரத்தில் இருந்த 13 குடியேற்றங்களும் பிரிட்டனுக்கு மூலப்பொருள் அனுப்ப வேண்டும். அங்கே செய்த பண்டங்களை வாங்க வேண்டும். இதுவே அன்றைய ஏற்பாடு. 1750இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய இரும்புச் சட்டம் இதை நன்கு விளக்குகிறது. குடியேற்றவாசிகள் இரும்பை உருக்கிக் கட்டிகளாக அனுப்பலாம். ஆனால், அதைத் தகடாக்கும் ஆலைகளையும் எஃகு உலைகளையும் புதிதாக அமைக்கக் கூடாது. இத்தகைய தடைகளோடு வரிச்சுமையும் சேர்ந்தது. 1776இல் குடியேற்றங்கள் விடுதலைப் பிரகடனம் செய்தன. 1783இல் பிரிட்டன் அதை ஏற்றுக்கொண்டது.

கொடி மாறியதே தவிர, சந்தை மாறவில்லை. துணியும் கருவிகளும் பிரிட்டனிலிருந்தே வந்துகொண்டிருந்தன. உள்நாட்டுத் தொழில்களைக் காப்புவரியால் வளர்க்க வேண்டும் என்று நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791இல் அறிக்கை அளித்தார். அதற்குச் சற்று முன்பே சாமுவேல் சிலேட்டர் என்ற 21 வயது ஆங்கிலேயர் அமெரிக்கா வந்து சேர்ந்தார். நூற்பாலைத் தொழில் கற்றவர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைப் பிரிட்டிஷ் சட்டம் தடுத்த காலம் அது. இயந்திரங்களின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு வந்த அவர், 1790இல் ரோட் தீவு மாநிலத்தின் பாட்டக்கெட்டில் நீர்விசையால் ஓடும் நூற்பு இயந்திரங்களை இயக்கிக் காட்டினார்.

ஆலைக்குப் பஞ்சு வேண்டுமல்லவா? 1793இல் எலி விட்னி உருவாக்கிய பஞ்சு கடையும் இயந்திரம், கொட்டையை விரைவாகப் பிரித்தது. கைவேலை குறைந்தால் அடிமைகளின் துன்பமும் குறையும் என்று நாம் எண்ணுவோம். நடந்தது நேர்மாறு. பருத்தி இலாபம் தந்ததால் தோட்டங்கள் பெருகின. 1790இல் சுமார் 7 இலட்சமாக இருந்த கறுப்பின அடிமைகள் 1860இல் சுமார் 40 இலட்சமாயினர். வடக்கே ஆலை ஓடியதும் தெற்கே சாட்டை ஓங்கியதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

நிலமும் விரிந்தது. 1803இல் லூசியானாப் பரப்பைப் பிரான்சிடமிருந்து 1 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கியதில் நாடு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. மெக்சிகோவுடன் நடந்த போரின் முடிவில், 1848இல் கலிபோர்னியாவும் கைக்கு வந்தது. இடையில் பூர்வகுடிகள் விரட்டப்பட்டனர். 1838இல் தொடங்கி மேற்கு நோக்கித் துரத்தப்பட்ட செரோக்கி மக்களில் சுமார் 4,000 பேர் மாண்டனர்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழித்தது. அதன்பின் தொழில்வளம் வெள்ளமெனப் பெருகியது. 1869இல் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இரயில் பாதை நிறைவுற்றது. அதன் மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். ஆனால், 1882இலேயே சீனத் தொழிலாளர் நுழைய முடியாதபடி சட்டம் வந்துவிட்டது! நிலக்கரி, இரும்பு, எண்ணெய் ஆகிய வளங்களோடு ஐரோப்பியக் குடியேறிகளின் உழைப்பும் காப்புவரியும் சேர்ந்தன. 1890 அளவில் எஃகு உற்பத்தியில் அமெரிக்கா பிரிட்டனை முந்தியது.

பண்டம் குவிந்தால் சந்தை தேடும். சந்தைக்குச் செல்லும் கப்பலுக்கு வழியில் நிலக்கரித் துறைகள் வேண்டும். கடற்படை வலிமையே நாட்டின் வலிமை என்று கடற்படை அதிகாரி ஆல்பிரட் மாஹன் 1890இல் நூல் எழுதினார். 1898இல் ஹவானாத் துறைமுகத்தில் 'மேய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தது. காரணம் மெய்ப்பிக்கப்படாத நிலையிலேயே பத்திரிகைகள் ஸ்பெயினைக் குற்றஞ்சாட்டின. போர் மூண்டது. சில மாதங்களில் ஸ்பெயின் தோற்றது. போர்ட்டோ ரிக்கோ, குவாம் ஆகியவற்றோடு, நம் அண்டை நாடான பிலிப்பீன்சும் அமெரிக்காவின் வசமாயிற்று. பிலிப்பீன்சுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் தரப்பட்டது.

இதில் ஒன்றை நாம் மறக்கலாகாது. அதே 1898 ஜூன் 12இல் எமிலியோ அகினால்டோ தலைமையில் பிலிப்பீன் மக்கள் தங்கள் விடுதலையைப் பிரகடனம் செய்திருந்தனர். 1776இல் அமெரிக்கர் கேட்ட அதே உரிமையைத்தான் அவர்களும் கேட்டனர். அவர்களுக்குக் கிடைத்ததோ போர். 1899இல் தொடங்கிய அப்போரிலும், அதையொட்டிய பசியிலும் நோயிலும் குறைந்தது 2 இலட்சம் பொதுமக்கள் இறந்தனர் என்று கணிக்கப்படுகிறது. அமெரிக்காவிலேயே எழுத்தாளர் மார்க் டுவெயின் போன்றோர் இந்த ஏகாதிபத்தியத்தை வன்மையாகக் கண்டித்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வல்லரசின் தொழில்வளம் நம் கரைகளையும் தொட்டது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டிச் சேர்த்த இரப்பரில் பெரும்பகுதி அமெரிக்க மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்கே போயிற்று.

இறுதியில் 1946 ஜூலை 4இல், தன் சுதந்திர நாளன்றே, அமெரிக்கா பிலிப்பீன்சுக்கு விடுதலை அளித்தது. பிலிப்பீன் மக்கள் சில ஆண்டுகள் அந்நாளையே கொண்டாடினர். 1962இல் அதை ஜூன் 12க்கு மாற்றிக்கொண்டனர். தம் விடுதலை பிறர் கொடுத்த நாளில் அன்று, தாமே அறிவித்த நாளில் பிறந்தது என்பது அவர்கள் கருத்து. 1776ஐப் போற்றும் எவரும் அதை மறுக்க இயலாது.