கயிறு பார்த்து எடுக்கும் அணி

(காரைக்குடியில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டு பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் என்கிறோம். அது தானாக நடக்காது. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை, சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைச் சுட்டியது. விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கவும் அந்தக் கயிறு பயன்படுவதாக அதிலேயே இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்றார் அமைச்சர். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 அறிக்கையில் கயிற்றுக்குத் தடை கேட்டது.

நான் படித்த பள்ளியில் கயிறு இல்லை. தெருப் பெயரே போதுமானதாக இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்டோம்.

கபடியில் தொடாமல் ஆட முடியாது. வியர்த்த கையைப் பிடிக்க வேண்டும். ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். சாதி அஞ்சுவது இதற்குத்தான்.

பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கேளுங்கள். விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லுங்கள். கூடவே, அணியை யார், எதைப் பார்த்து எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஜெய் பீம்.