சீட்டுக்குள் ஒரு பட்டறை



கிளி ஜோசியம் பார்த்த பெரியவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். பெயரைச் சொன்னதும் கிளி கூண்டைவிட்டு வெளியே வரும், அலகால் ஒரு சீட்டை இழுத்துப் போடும், நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நம் நாட்டுக் கிளியை அடைத்து வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பழக்கம் மறைவதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் டாரட் சீட்டு பார்க்கிறார்கள். எந்தச் சீட்டும் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நல்ல படத்தை எதிரே வைத்துக்கொண்டு, 'இதில் நான் எங்கே இருக்கிறேன்?' என்று கேட்டுக்கொள்வதை நம்புகிறேன்.

டாரட்டின் 78 சீட்டுகளில் ஒன்று 'எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ்'. ஓர் இளைஞன் பலகையில் உட்கார்ந்து, சுத்தியலும் உளியுமாக ஒரு வட்டத் தகட்டில் நட்சத்திரம் செதுக்குகிறான். முடித்த தகடுகள் பக்கத்துக் கம்பத்தில் வரிசையாக இருக்கின்றன. தூரத்தில் ஊர் தெரிகிறது. அவன் தலை நிமிரவில்லை. பொறுமையாகத் தொழில் கற்கும் பருவம் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள்.

இந்த இளைஞனைத் தேடி நீங்கள் தூர தேசத்துக்குப் போக வேண்டாம். நம் திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் பாருங்கள். பூட்டுக்குள் அடுக்கியிருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றையும் சாவியின் பல் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. அதனால் தொழிலாளி லீவரை அரத்தால் ராவுவார், சாவியைப் போட்டுத் திருப்புவார், கழற்றி மறுபடி ராவுவார். அவருக்கு அளவுகோல் அவருடைய விரல்தான். தேர்வு எழுதி முடித்ததும் படிப்பு முடிந்தது என்று நினைக்கிறவர்கள், ஒரு மாங்காய்ப் பூட்டு உருவாவதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

அந்தச் சீட்டுப் படம் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு: கூலி. அதை வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் 1878-ல் பிறந்தவர். நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் ஓவியம் பயின்று, பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1909-ல் அந்தச் சீட்டுக்கட்டு முழுவதையும் வரைந்து கொடுத்தார். வேலை பெரிது, காசு மிகக் குறைவு என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெயிட் இருவர் பெயரிலும் அந்தக் கட்டு உலகம் சுற்றியது. வரைந்தவர் பெயர் வெகுகாலம் அதில் சேரவில்லை. 1951-ல் கடனோடுதான் இறந்தார். ஆனாலும் சீட்டுகளின் மூலையில் தம் முத்திரையைச் சின்னதாகப் போட்டு வைத்திருந்தார். அந்த முத்திரை இன்றும் அவரை அடையாளம் காட்டுகிறது.

கூலிக் கதை நம் பட்டறையிலும் இதேதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அலிகாரில் செய்யும் இயந்திரப் பூட்டு மலிவாகக் கடைக்கு வந்துவிட்டது. கைப்பூட்டுக்குக் கிடைக்கும் கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் பட்டறைப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பொறுமை வேண்டும் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வராது. பொறுமை அவர்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

எனவே இன்று பட்டம் பெறும் உங்களிடம் கேட்கிறேன். எழுதுங்கள், வரையுங்கள், எதைச் செய்தாலும் உங்கள் பெயரை அதில் போடுங்கள். செய்த வேலைக்கு உரிய பணத்தைக் கூசாமல் கேளுங்கள். வணிகவியல் படித்தவர்கள் ஒரு பட்டறைக்குப் போய், இரும்பு என்ன விலை, ஒரு பூட்டுக்கு எத்தனை மணி நேரம், கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்று கணக்கு எழுதிக் கொடுங்கள். கணினி படித்தவர்கள் அந்தப் பூட்டுகளைச் செய்தவர் பெயரோடு இணையத்தில் விற்க வழி செய்யுங்கள். இந்தக் கல்லூரியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்தால் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.