ஒரே போர்டு, பல புராஜெக்ட்: அழித்து எழுதும் சிப்பின் கதை

பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற பசியாவரத்துல ஒரு மாணவர் புராஜெக்ட் செய்யணும்னு வெச்சுக்குவோம். முகத்துவாரம் வழியா கடல் தண்ணி உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஆரணி ஆறு நல்ல தண்ணியைக் கொண்டுவந்து கொட்டும். ஏரியோட உப்பு மாறிக்கிட்டே இருக்கும். அதை அளக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் ஒரு சென்சாரும் போதும். அடுத்த வருஷம் அதே போர்டை வெச்சு மீன் வைக்கிற ஐஸ் பெட்டியோட சூட்டை அளக்கலாம். பழைய புரோகிராமை அழிச்சுட்டுப் புதுசை ஏத்தினா வேலை முடிஞ்சுது.

இந்த அழிக்கிற வேலை ஒருகாலத்துல இவ்வளவு சுலபமா இல்லை.

1976-ல இன்டெல் 8048 மைக்ரோகன்ட்ரோலர் சிப் வந்தப்போ, புரோகிராமை ஃபேக்டரியிலேயே பதிச்சுக் கொடுத்தாங்க. ஒரு வரி தப்பானாலும் மாத்த முடியாது. அதோட உடன்பிறப்பு 8748-க்கு முதுகுல ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் உண்டு. புற ஊதா விளக்குக்குக் கீழே கால் மணி நேரம், இருபது நிமிஷம் வெச்சா உள்ளே இருக்கிறது அழியும். புதுசா எழுதினதும் ஜன்னல் மேல ஸ்டிக்கர் ஒட்டணும். இல்லைன்னா நாள்பட்ட வெளிச்சத்துல அதுவும் அழிஞ்சுடும்.

1980-ல 8051 வந்துச்சு. நம்ம இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல பல பேர் பழகினது இதுலதான். லேப் பயிற்சி கிட்டுல ஹெக்ஸ் கோடை ஒவ்வொரு கீயா அழுத்தி ரேம்ல ஏத்துவோம். கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு.

1993-ல மைக்ரோசிப் கம்பெனி கொண்டுவந்த பிக் 16சி84-ஐ மின்சாரத்தாலேயே அழிக்கலாம், விளக்கு தேவையில்லை. அட்மெலோட 89சி51-ம் அப்படித்தான். ஆனா பெரும்பாலும் சிப்பைக் கழட்டி, புரோகிராமர்னு தனி கருவியில மாட்டி, எழுதி, திரும்ப மாட்டணும். கழட்டும்போதே கால் வளைஞ்சுடும்.

அடுத்த திருப்பம் இத்தாலியில, இவ்ரேயா ஊர் டிசைன் கல்லூரியில. 2003-ல எர்னாண்டோ பாராகான்ங்கிற மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக வயரிங் போர்டைச் செஞ்சார். 2005-ல அதே கல்லூரி ஆசிரியர் மாசிமோ பான்சியோட குழு அந்த வழியில ஆர்டுயினோ போர்டைக் கொண்டுவந்தாங்க. சிப்புக்குள்ளேயே பூட்லோடர்னு ஒரு சின்ன புரோகிராம் குடியிருக்கும். யுஎஸ்பி வழியா வர்ற புது புரோகிராமை அதுவே வாங்கி எழுதிக்கும். 2010-ல வந்த ஆர்டுயினோ ஊனோ போர்டுல சிப் சாக்கெட்ல உட்கார்ந்திருக்கும். புகைஞ்சா, பூட்லோடர் ஏத்தின சிப்பை மட்டும் சென்னை ரிச்சி தெருவுல வாங்கி மாத்திடலாம்.

ஊனோவோட ஏடிமெகா 328பி சிப்பை 10,000 தடவை அழிச்சு எழுதலாம். தினம் பத்து தடவைன்னாலும் 1,000 நாள் வரும். பசியாவரத்துல அதுக்கு முன்னாடி உப்புக்காத்து முந்திக்கும். பின் எல்லாம் பச்சை பூத்துடும். அதனால போர்டு மூடி போட்ட டப்பாவுக்குள்ள இருக்கட்டும், தண்ணியில சென்சார் முனை மட்டும் இறங்கட்டும். அந்த முனைக்கும் ஓயாம ஒரே திசையில கரண்ட் கொடுத்தா அரிச்சுப்போகும். அளக்கிற நேரம் மட்டும் திசை மாத்தி மாத்திக் கொடுங்க. போர்டு அடுத்த புராஜெக்டுக்கும் வேணும், அதனால ஒயரைப் போர்டுல சால்டர் பண்ணாதீங்க, ஸ்க்ரூ டெர்மினல்ல மாட்டுங்க.

புராஜெக்ட் முடிஞ்சதும் ஒயரைக் கழட்டிட்டு பிளிங்க் புரோகிராமை ஏத்துங்க. 13-ம் பின் எல்ஈடி மின்னினா சிப்புக்கு உயிர் இருக்கு. மத்த பின்களையும் ஒவ்வொண்ணா சோதிச்சு, போனது எதுன்னு டப்பா மேல எழுதி, ஜூனியர் கையில கொடுங்க.