சொன்னவள் ஒருத்தி, எழுதினவள் ஒருத்தி

மதுரைக்காரியிடம் பெண் கவிகளின் கடிதங்களைப் பற்றிப் பேசச் சொன்னால், ஆலவாயைத் தாண்டி வரவே நேரமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் நேயர்களே.

பதினோராம் திருமுறையைத் திறந்தால் முதலில் நிற்பதே ஒரு கடிதம்தான்: திருமுகப் பாசுரம். அனுப்பியவர் ஆலவாயில் உறையும் சொக்கநாதர் என்பது மரபு. பெறுநர் சேரமான் பெருமாள். கொண்டுபோகிறவர் யாழ் வாசிக்கும் பாணபத்திரர். இவர் நம்மவர், பொருள் கொடுத்து அனுப்பிவையும் என்பதுதான் விஷயம். இன்றைய சிபாரிசுக் கடிதத்தில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? நம்மூர் சேதுபதி பள்ளியில் 1904இல் வாத்தியாராக இருந்த பாரதியும், 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி, அதாவது பாட்டுக் கடிதம், எழுதியவர்தான். எல்லாம் ஆண்கள் ஆண்களுக்கு விட்ட சீட்டு.

பெண்களுக்கு முதலில் எழுதக் கை வேண்டுமே! மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் எழுந்த அதே 1901இல் பிறந்தவர் வை.மு. கோதைநாயகி. அருமையாகப் பாடுவார், பாட்டும் கட்டுவார், பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். அந்தக் கோதைநாயகிதான் 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, எத்தனையோ பெண்களை எழுத வைத்தார்.

இப்படி ஒருத்தி சொல்ல இன்னொருவர் எழுதும் கதை கிராமத்திலும் உண்டு. மேலூர்ப் பக்கம் நடவுப் பாட்டுப் பதியப் போனபோது ஒரு அப்பத்தாவைப் பார்த்தேன். அவரும் நத்தத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சியும் பேர்போன பாட்டுக்காரிகள். இருவருக்கும் எழுத்து தெரியாது. அறுபதுகளில் அவர்களுக்குள் இன்லண்டு லெட்டர் போய்வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுமாம். "நலம், நலமறிய ஆவல்" வரைக்கும் பேச்சு. அப்புறம் அப்பத்தா ராகம் போட்டுத் தெம்மாங்கில் இழுக்க ஆரம்பித்துவிடும். "நிறுத்து அப்பத்தா, கிணறு வத்துனது வரைக்கும்தான் வந்திருக்கேன்!" என்று பிள்ளை கத்தும். இடம் போதாமல் மடிப்பு ஓரத்திலும் எழுதி, கடைசி அடி பசைக்குள் ஒட்டிக்கொள்ளும். கிழியாமல் பிரிக்கத் தங்கச்சிக்குத்தான் தெரியுமாம். பதிலும் பாட்டாகவே வரும். அக்கா விட்ட அடியைப் பிடித்துக்கொண்டு. பதிவு செய்ய மைக்கை நீட்டினால், "அது அவளுக்குச் சொன்னது, ஊருக்கு எதுக்கு?" என்று அப்பத்தா வாயை மூடிக்கொண்டது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டோ, பைண்டு செய்த 'ஜகன்மோகினி'யோ கிடந்தால், எடைக்குப் போடுமுன் வானொலி நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பாட்டாக எழுதினாலும் சரி.