புடலங்காய் போட்ட புதிர்

கூத்து என்றால் முதலில் பிள்ளையார் பாட்டு. நம் ஊரில் மட்டுமல்ல, கர்நாடகத்துப் பயலாட்டம் என்ற கூத்திலும் அப்படித்தான். ஆனால் சந்திரசேகர கம்பாரர் எழுதிய ‘ஜோகுமாரசுவாமி’யில் பிள்ளையாரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ஜோகுமாரனுக்குப் பூசை போடுகிறார்கள். 1972-இல் பி.வி. காரந்த் இயக்கிய நாடகம் அது. இன்றைக்கும் பெங்களூரு நாடகக்காரர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர்.

யார் இந்த ஜோகுமாரன்? வட கர்நாடகத்துக் கிராமங்களில் ஆவணி, புரட்டாசி வாக்கில் வருகிற சாமி. வேப்பிலை பரப்பிய கூடையில் களிமண் பொம்மை, அதன் வாயில் ஒரு கட்டி வெண்ணெய். பெண்கள் தலையில் சுமந்து, வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். ஆயுசு ஏழே நாள்தான். அவன் செத்தால் மழை வரும், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

கம்பாரர் இதில் ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்தார். கையில் துப்பாக்கி, வீட்டில் வாரிசு இல்லை. அவர் மனைவி ஜோகுமாரனாகப் பாவித்துப் பூசை செய்த புடலங்காயைச் சமைத்து வைக்கிறாள், புருஷன் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்று. சாப்பிட்டதோ பசண்ணன் என்ற உழவன். உழுகிறவனுக்கே நிலம் என்று பண்ணையாரிடம் மல்லுக்கு நிற்கிறவன்! பண்ணையார் சும்மா விடுவாரா? பசண்ணனைக் கொன்றுவிடுகிறார். பசண்ணனால் தன் மனைவிக்குப் பிறக்கப்போகும் குழந்தையை என்ன செய்வார்?

பழங்கதைக்கு இதைவிடப் புதுச்சட்டை வேண்டுமா? 1974-இல் கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் அரசு, குத்தகை உழவருக்கே நிலம் என்று சட்டத்தைத் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூத்து அதற்கு ஈராண்டு முன்பே மேடையேறியிருந்தது.