குளத்துப் படிப்பு



இங்கு கூடியிருக்கும் நீங்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் பாடுபட்டு ஜீவிப்பவர்கள். ஆதலால் எந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னாலும், "அதற்கு என்ன சம்பளம்?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஏரி, குளம், சதுப்பு நிலங்களைப் பற்றி ஒரு படிப்பு உண்டு என்றவுடன், "கொக்கையும் நாரையையும் எண்ணவா பிள்ளையைப் பதினைந்து வருஷம் படிக்க வைப்பது?" என்று சிலர் சிரிக்கிறார்களே, அதற்குத்தான் இன்று சமாதானம் சொல்ல வந்தோம்.

எண்ணுவதால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த சங்கதி ஒன்றைக் கேளுங்கள். ராஜஸ்தானத்தில் பரத்பூருக்குப் பக்கத்தில் கேவலாதேவ் என்று ஒரு நீர்நிலைக் காடு இருக்கிறது. சுமார் 29 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் வெகு தூரத்திலிருந்து பறவைகள் வந்து இறங்கும் இடம். அக்கம் பக்கத்துக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அதில் எருமை மேய்த்து வந்தார்கள். எருமை மேய்ந்தால் பறவைக்குக் கெடுதி என்று படித்தவர்கள் கருதினார்கள். பறவை சாஸ்திரத்தில் இந்தியாவுக்கே பெரியவரான சலீம் அலியும் அப்படியே கருதினார். 1982ல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீசார் சுட்டார்கள். சிலர் மாண்டும் போனார்கள்.

சரி, எருமை போயிற்று, பறவை பெருகிற்றா? இல்லை. எருமை தின்று மட்டுப்படுத்தி வந்த ஒருவகைத் தண்ணீர்ப் புல், தின்ன ஆளில்லாமல் வளர்ந்து தண்ணீரையே மூடிக் கொண்டது. திறந்த நீர் குறைந்தது. வாத்துக்கு நீந்த இடமில்லை. மீனும் கெட்டது.

இதைக் கண்டு சொன்னது யார்? ஞானதிருஷ்டிக்காரர் அல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 1980 முதல் 1990 வரை பத்து வருஷம் அங்கேயே கிடந்து, தண்ணீர் எவ்வளவு, புல் எவ்வளவு, மீன் எவ்வளவு, பறவை எத்தனை என்று எழுதி வைத்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வி. எஸ். விஜயன். இவர் சலீம் அலியிடமே பயின்றவர்! ஆசிரியர் கருதியதற்கு நேர் விரோதமாகக் கணக்கு வந்தது. நம் மடங்களில் இப்படி வந்திருந்தால், குருவாக்கியத்துக்கு ஒரு புது வியாக்கியானம் எழுதிச் சரிக்கட்டியிருப்பார்கள். அங்கேயோ வந்த கணக்கை வந்தபடி அச்சிட்டார்கள். அந்த விஜயனே பிறகு, நம் கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் 1990ல் ஏற்பட்ட சலீம் அலி பறவையியல் நிலையத்துக்கு முதல் டைரக்டர் ஆனார். குருத்துரோகம் என்று யாரும் அவரைச் சபித்ததாகத் தெரியவில்லை.

நிற்க, நம் ஊருக்கு வருவோம். சாயமேற்றுகிற தோழர்களுக்குத் தெரியும், உப்பில்லாமல் பருத்தியில் சாயம் ஏறாது. நூலும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளும். உப்புப் போட்டால்தான் ஒட்டும். சாயம் துணிக்குப் போகிறது. உப்போ அப்படியே தண்ணீரில் நிற்கிறது. நிறத்தை எடுத்துவிட்டு, "தெளிந்துவிட்டது பார்" என்று காட்டினால் கண் நம்பும், பயிர் நம்பாது. பாசனத்துக்கென்று 1992ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த கழிவுக்குத் தொட்டியாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வெளியே விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. அந்த எண்ணை அளக்கத் தெரிந்தவன் இல்லாவிட்டால் விவசாயியின் வழக்கு வெறும் அழுகைதானே! 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது இங்கே எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். முன்னாடியே அளந்து, சொன்னதைக் கேட்டிருந்தால், விவசாயியும் கெட்டிருக்கமாட்டான். தொழிலாளியும் தெருவில் நின்றிருக்கமாட்டான்.

இப்போது ஊத்துக்குளி தாலுகாவில் நம் நஞ்சராயன் குளம், சுமார் 310 ஏக்கர், 2022ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் தேசத்து ஊர். 1971ல் நீர்நிலைகளைக் காக்கப் பல தேசத்தார் அங்கே ஒப்பந்தம் செய்தார்கள். சந்தோஷம். ஆனால் பலகை நட்டதால் குளம் பிழைக்குமா? நல்லாற்றில் முதல் மழைத் தண்ணீர் வரும் அன்று உப்பு எவ்வளவு, மாசம் கழித்து எவ்வளவு, கரையில் மாடு மேய்வது நல்லதா கெட்டதா என்று வருஷா வருஷம் அளக்க வேண்டும். பரத்பூரில் சரியாய் வந்த விடை இங்கே தப்பாயிருக்கலாம். அதையும் அளந்தே சொல்ல வேண்டும்.

சம்பளம் கேட்டீர்களே: ஆரம்பத்தில் உபகாரச் சம்பளந்தான், அதுவும் திட்டம் முடிந்தால் நின்றுவிடும். மறைக்க மாட்டோம். ஆனால் இந்த உத்தியோகத்துக்கு வெளியூர்க்காரரே வரட்டும் என்று விட்டால், நம் குளத்தைப் பற்றி நாம் அவரைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகள், பெண்களும் சேர்த்துத்தான், கூட்டம் கலைந்த பின் சற்று இருங்கள். எந்தக் காலேஜில் என்ன பாடம் எடுப்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.